பிழைச் செய்தி மாறும்போது சோதனை எதைப் பற்றி நிற்க வேண்டும்?

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட்; அது அவற்றைச் சேமிக்கும் இடம் களஞ்சியம். களஞ்சியம் இல்லாத ஒரு கோப்புறையில் நின்று கிட் கட்டளை ஒன்றை இயக்கினால், இது களஞ்சியம் அன்று என்று சொல்லும் ஆங்கில வரி ஒன்று திரையில் வரும். பழைய பதிப்புகளில் அந்தச் செய்தி பெரிய எழுத்தில் தொடங்கியது. இன்றைய பதிப்புகளில் சிறிய எழுத்தில் தொடங்குகிறது. மூல நிரலில் மாறியது ஓர் எழுத்துதான். ஆயினும் இத்தகைய மாற்றம் மதிப்பாய்வுக்கு வரும்போது, நிரல் கோப்பில் ஒரு வரியும் சோதனைக் கோப்புகளில் பல வரிகளும் மாறியிருக்கக் காண்கிறோம். சில வேளைகளில் சோதனைகளில் எதுவுமே மாறாதிருக்கவும் காண்கிறோம். இவ்விரண்டில் எது கவலைக்குரியது என்பதற்கு, பிழைச் செய்தியைச் சோதனை எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்துக்கொண்ட குழுவால் மட்டுமே பதில் சொல்ல முடியும். அந்தத் தீர்மானத்துக்கு உதவியாக, பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் தம் சொந்தச் சோதனைகளில் கையாளும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். கிட் திட்டத்தை நடுவில் வைத்து, மெர்க்கூரியல், சப்வெர்ஷன், ஜுஜுட்சு ஆகியவற்றை அதனருகே நிறுத்திப் பார்ப்பதே என் முறை.

ஒப்பீட்டுக்குள் நுழையுமுன், பிழைச் செய்தியை யார் படிக்கிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திரையின் முன் அமர்ந்திருக்கும் பயனர் அதைப் படிக்கிறார். கட்டளையை உள்ளே வைத்து ஓடும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்கிறது. பிற மொழிக்குக் கொண்டு செல்லும் மொழிபெயர்ப்பாளரும் அதைப் படிக்கிறார். கிட் திட்டம் தன் கட்டளைகளை, மனிதருக்கான 'போர்சலைன்' என்றும் கருவிகளுக்கான 'பிளம்பிங்' என்றும் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். போர்சலைன் கட்டளைகளின் பிழைச் செய்திகள் மொழிபெயர்ப்புக்கு உரியவையாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும், பிளம்பிங் கட்டளைகளின் செய்திகளை எந்திரம் படிக்கக்கூடும் என்பதால் அவற்றில் சிலவற்றை அப்படிக் குறிக்கலாகாது என்றும் அத்திட்டத்தின் நிரல் எழுதும் நெறிமுறை கூறுகிறது. செய்தியின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்கக்கூடாது. முதற்சொல் என்பதற்காக மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கக்கூடாது. கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிழையைச் சொல்லாமல், என்ன பிழை என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பனவும் அதே ஆவணத்தில் உள்ளவை. செய்தியின் நடை பற்றிய வாதங்களில் பெரும்பகுதி இந்த விதிகளைக் காட்டினாலே முடிந்துவிடும். மதிப்பாய்வாளரின் நேரம் அதற்குப் பின்னால் உள்ள கேள்விக்கு, அதாவது சோதனைக்கு, மிச்சமாக வேண்டும்.

மிகத் தளர்வான வழி, கட்டளை தோல்வியுற்றதா என்பதை மட்டும் பார்ப்பது. கிட்டின் சோதனைகள் ஷெல் ஸ்கிரிப்டுகளாக 'டி' என்ற கோப்புறையில் இருக்கின்றன. அவற்றில் 'டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்' என்னும் உதவிச் செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. ஷெல்லின் எதிர்மறைக் குறியான ஆச்சரியக்குறியைக் கிட் கட்டளையின் முன்னால் போட்டால், கட்டளை நினைவகப் பிழையில் சிக்கி நடுவழியில் மடிந்தாலும் அதுவும் தோல்விதானே என்று சோதனை தேறிவிடும். 'டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்' அவ்வாறு ஏமாறுவதில்லை. சிக்னல் ஒன்றால் கொல்லப்பட்ட கட்டளையை அது முறையான தோல்வியாக ஏற்பதில்லை. செய்தியின் சொற்கள் எத்தனை முறை மாறினாலும் இவ்வகைச் சோதனையைத் தொட வேண்டியதில்லை என்பது இதன் வசதி.

ஆனால் அந்த வசதிக்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கிட்டில் மீள முடியாத பிழை நேர்ந்தால் வெளியேறு குறியீடு, அதாவது கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண், 128. கட்டளையைப் பிழையான முறையில் அழைத்து, பயன்பாட்டு விளக்கம் காட்டப்பட்டால் அது 129. இரண்டுமே 'டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்' ஏற்றுக்கொள்ளும் தோல்விகள். ஆகவே சோதனையை எழுதியவர் விருப்பத்தேர்வு ஒன்றின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், கட்டளை தான் சோதிக்கப்பட வேண்டிய பகுதியை எட்டுமுன்பே 129 என்று திரும்பிவிடும். சோதனையோ பச்சை விளக்கு காட்டும். கட்டளை தோற்றது உண்மை, ஆனால் நாம் எதிர்பார்த்த காரணத்துக்காகத் தோற்கவில்லை. பிழைச் செய்தியை மாற்றும் கமிட்டில் (களஞ்சியத்தில் பதியப்படும் ஒரு மாற்றத் தொகுப்பில்) இவ்வகைச் சோதனை மட்டுமே இருக்குமானால், அந்தச் செய்தி எங்கும் சோதிக்கப்படவில்லை என்றே பொருள். அத்தகைய கமிட்டுக்கு நான் ஒப்புதல் தருவதில்லை.

அடுத்த வழி, செய்தியின் ஒரு பகுதியை மட்டும் தேடுவது. கட்டளையின் பிழை வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, 'டெஸ்ட் கிரெப்' கொண்டு அதில் ஒரு சொற்றொடர் உண்டா என்று பார்ப்பார்கள். கிட்டில் எங்கும் பரவலாகக் காணப்படும் வழி இது. இதன் தரம் முழுவதும் தேடப்படும் சொற்றொடரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அடங்கியிருக்கிறது. மீள முடியாத பிழை என்பதைக் காட்டும் முன்னொட்டை மட்டும் தேடினால், வெளியேறு குறியீட்டைப் பார்ப்பதைவிட அதிகம் எதுவும் தெரியாது. வாக்கியம் முழுவதையும் தேடினால் முழு ஒப்பீட்டின் சுமை வந்துவிடும். பிழையின் காரணத்தைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்களையும், எந்தக் கோப்பு அல்லது எந்தக் கிளை என்ற பெயரையும் சேர்த்துத் தேடுவதே சரியான அளவு என்பது என் அனுபவம். பெயரைச் சேர்ப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் செய்திக்குள் இரண்டு பெயர்கள் வரும் இடங்களில் அவை இடம் மாறி அச்சாவது நிரலாளர்கள் எளிதில் செய்யும் பிழை. பெயரைச் சேர்த்துத் தேடும் சோதனை மட்டுமே அதைப் பிடிக்கும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மதிப்பாய்வில் இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். ஒரு செய்தி வரக்கூடாது என்று உறுதி செய்யும் சோதனைகள் உண்டு. குறிப்பிட்ட எச்சரிக்கை இந்தச் சூழலில் தோன்றக்கூடாது என்றால், அதன் சொற்களைத் தேடி, கிடைக்கவில்லை என்பதைத் தேர்ச்சியாகக் கொள்வார்கள். இப்போது ஒருவர் அந்த எச்சரிக்கையின் முதல் எழுத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றுகிறார். செய்தியை எதிர்பார்க்கும் சோதனைகள் எல்லாம் உடையும். அவர் அவற்றைத் தேடிச் சென்று திருத்துவார். செய்தி வரக்கூடாது என்னும் சோதனையோ உடையாது. பழைய சொற்கள் இனி எந்தச் சூழலிலும் வரப்போவதில்லை என்பதால் அது என்றென்றும் தேறிக்கொண்டே இருக்கும். அன்று முதல் அது எதையும் காப்பதில்லை. நான் பணியாற்றிய ஒரு குழுவில், தேவையற்ற எச்சரிக்கை ஒன்று மீண்டும் தலைகாட்டியதை முதலில் கண்டவர் பயனர்தான். அதைத் தடுக்க எழுதப்பட்டிருந்த சோதனை, செய்தியின் சொல்லாட்சி மாறிய நாளிலிருந்து வெறுமனே தேறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மாற்றத்தை மதிப்பாய்வு செய்து ஒப்புதல் தந்தவன் நான். அதன் பின், செய்தி மாறும் கமிட் எதுவாயினும் பழைய சொற்களைக் களஞ்சியம் முழுவதும் 'கிட் கிரெப்' கொண்டு தேடிப் பார்க்காமல் நான் முடிப்பதில்லை. டிஃப்பில், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியலில், தெரியும் சோதனைகளை மட்டும் படித்தால், டிஃப்பில் தெரிய வேண்டியிருந்தும் தெரியாமல் போனவை கண்ணில் படுவதே இல்லை.

'டெஸ்ட் கிரெப்' இதில் ஒரு பகுதிக்குத் துணை செய்கிறது. ஷெல்லின் சாதாரண தேடலுக்கு முன்னால் எதிர்மறைக் குறி போட்டால், தேட வேண்டிய கோப்பே இல்லாதபோதும் சோதனை தேறும். எதிர்மறைக் குறியை 'டெஸ்ட் கிரெப்' என்பதற்குப் பின்னால், அதன் உள்ளீடாகக் கொடுக்கும்போது, கோப்பு இல்லாவிட்டால் சோதனையை எழுதியதிலேயே பிழை என்று அது அறிவித்துவிடும். சொற்கள் பழையனவாகிப் போனதை அதனாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

மூன்றாவது வழி, எதிர்பார்க்கும் வெளியீட்டை முழுமையாக எழுதி வைத்து, கிடைத்த வெளியீட்டுடன் வரிக்கு வரி ஒப்பிடுவது. 'டெஸ்ட் சிஎம்பி' அதைச் செய்கிறது. இதன் பெருஞ்சிறப்பு, பயனர் காணப்போவது என்ன என்பது டிஃப்பில் அப்படியே தெரிவது. பல வரிகள் கொண்ட அறிவுரைகளுக்கு, அதாவது பிழைக்குக் கீழே அடுத்து என்ன செய்யலாம் என்று கிட் காட்டும் குறிப்பு வரிகளுக்கு, இதுவே பொருத்தம். வரிகளின் ஒழுங்கும் அங்கே முக்கியம் அல்லவா? ஆனால் எல்லா இடங்களிலும் இதைக் கையாண்டால் சோதனைகள் மிக எளிதில் உடையக்கூடியவை ஆகிவிடுகின்றன. சில பிழைச் செய்திகளின் வால்பகுதியைக் கிட் எழுதுவதில்லை; இயங்குதளத்தின் நூலகம் தரும் காரணத்தை அப்படியே ஒட்டிவிடுகிறது. அந்தச் சொற்கள் லினக்ஸில் ஒன்றாகவும் வேறொரு தளத்தில் மற்றொன்றாகவும் இருக்கலாம். மேலும், சோதனையின் உடல் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படுவது கிட்டின் வழக்கம். பிழைச் செய்தியிலும் கோப்பின் பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் வருவதால், முழு வாக்கியத்தை எழுத முனைபவர் மேற்கோள் குறிகளைத் தப்புவித்துத் தப்புவித்துப் படிக்க முடியாத ஒன்றை எழுதி முடிப்பார். படிக்க முடியாத சோதனையை மதிப்பாய்வு செய்யவும் முடியாது.

சொற்களோடு சோதனையைக் கட்டுவதற்கான விலையைக் கிட் ஒரு நீண்ட பரிசோதனையின் வழியாகவே கற்றுக்கொண்டது. 2012 ஜனவரியில் வெளிவந்த 1.7.9 பதிப்பில் கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியான மொழிபெயர்ப்பு வசதி வந்தது. மொழிபெயர்க்கக் கூடாத பிளம்பிங் செய்திகள் தவறுதலாக மொழிபெயர்ப்புக்குக் குறிக்கப்படுகின்றனவா என்று கண்டறிய, 'கெட்டெக்ஸ்ட் பாய்சன்' என்ற முறை ஒன்றும் இருந்தது. அதை இயக்கினால், மொழிபெயர்ப்புக்குக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு செய்தியின் இடத்திலும் பொருளற்ற ஒரு வாசகம் வந்து அமரும். எந்திரம் படிக்க வேண்டிய வெளியீட்டில் அந்த வாசகம் தென்பட்டால் பிழை அம்பலமாகிவிடும். கருத்து அருமையானது. ஆனால் மனிதருக்கான செய்தியைச் சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும், இந்த முறை இயங்கும்போது ஒப்பீட்டைத் தவிர்க்கும் தனிச் செயற்கூறுகளைக் கையாள வேண்டியிருந்தது. புதிதாகச் சோதனை எழுத வருபவர்கள் எந்தச் செயற்கூறு எங்கே என்று குழம்பினார்கள். மதிப்பாய்வில் அதைச் சுட்டிக்காட்டுவதே ஒரு வேலையாயிற்று. கிடைக்கும் பயனைவிடச் சுமை பெரிது என்று கண்டு, 2021இல் அந்த முறையை நீக்கிவிட்டார்கள். இன்று சோதனைகள் மொழி அமைப்பை, மொழிபெயர்ப்பு எதுவும் இல்லாத 'சி' என்று நிலைநிறுத்திக்கொண்டு ஆங்கில மூலச் செய்தியையே பார்க்கின்றன. அந்த நீக்கம் சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். மதிப்பாய்வாளரின் கவனம் அளவுக்கு உட்பட்டது. சோதனைக் கருவியின் நுணுக்கங்கள் அதை விழுங்கக்கூடாது.

நான்காவது வழி, வெளியீட்டைக் கருவியே பதிவு செய்துகொள்வது. மெர்க்கூரியல் 2010 முதல் கையாளும் சோதனைக் கோப்புகளில் கட்டளையும் அதற்குக் கீழே எதிர்பார்க்கும் வெளியீடும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும். கட்டளை தோற்றால் வெளியேறு குறியீடு சதுர அடைப்புக்குள் கடைசி வரியாக வரும். படிப்பதற்கு இதைவிட இனிய சோதனை வடிவத்தை நான் கண்டதில்லை. முனையத்தில் ஒருவர் வேலை செய்ததை அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலிருக்கும். மாறக்கூடிய வரிகளின் இறுதியில் ஒரு குறி இட்டு, அவற்றைத் தோராயமாக ஒப்பிடச் சொல்லவும் முடியும். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஜுஜுட்சு, இன்ஸ்டா என்னும் நூலகத்தின் துணையோடு இதே கருத்தைச் செயல்படுத்துகிறது: வெளியீடு மாறினால் பழையதையும் புதியதையும் காட்டி, ஏற்கலாமா என்று நிரலாளரிடம் அது கேட்கும்.

பிழைச் செய்தியின் ஒவ்வொரு மாற்றமும் மதிப்பாய்வாளரின் கண்ணுக்கு எட்டுவதில் இந்த வழிக்கு நிகரில்லை. ஆனால் அதே காரணத்தால் சிறு மாற்றமும் பெருவெள்ளமாக வந்து சேர்கிறது. மெர்க்கூரியலின் நிறுத்தச் செய்திகள் பலவற்றின் முடிவில் முன்பு ஓர் ஆச்சரியக்குறி இருந்தது; களஞ்சியம் காணப்படவில்லை என்னும் செய்தியும் அப்படித்தான் முடிந்தது. பின்னர் அக்குறியை நீக்கினார்கள். பயனரிடம் கத்துவதை நிறுத்திய நல்ல மாற்றம் அது. இத்தகைய மாற்றம் அந்தச் செய்தி பதிவாகியுள்ள சோதனைக் கோப்புகள் அனைத்தையும் தொட்டே தீரும். நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே மாதிரி மாறும் டிஃப்பில், நடுவே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி மாறியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். மேலும், மாற்றங்களை ஒரே அழுத்தில் ஏற்கும் வசதி நிரலாளரின் கையில் இருப்பதால், அவர் படித்து ஏற்றாரா, படிக்காமல் ஏற்றாரா என்பது கமிட்டைப் பார்த்துத் தெரியாது. எதிர்பார்ப்பைத் தன் கையால் தட்டச்சு செய்தவர் அதை ஒரு முறையேனும் நினைத்திருப்பார். கருவி எழுதிய எதிர்பார்ப்பை எவரும் நினைக்காமலேயே அது களஞ்சியத்தில் குடியேறிவிட முடியும். இவ்வழியைத் தேர்ந்தெடுக்கும் குழு, மதிப்பாய்வாளரை அந்த வெளியீட்டின் முதல் வாசகராகவே கருதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாசகர் என்ற நிம்மதி அவருக்கு வாய்ப்பதில்லை.

சப்வெர்ஷன் வேறொரு திசையில் சென்றது. 2011இல் வந்த 1.7 பதிப்பு முதல் அதன் பிழைச் செய்திகளுக்கு முன்னால் ஓர் எண் அச்சாகிறது. பணிப்பிரதி (களஞ்சியத்திலிருந்து இறக்கி வேலை செய்யும் கோப்புறை) அல்லாத இடத்தில் கட்டளை கொடுத்தால் வரும் எண் 155007. சொற்களை எப்படி மாற்றினாலும், எந்த மொழியில் பெயர்த்தாலும், எண் மாறாது. ஸ்கிரிப்டும் சோதனையும் அதைப் பற்றிக்கொள்ளலாம், பயனரும் இணையத்தில் அதைத் தேடலாம். ஆனால் எண் ஒரு வகையைக் குறிக்குமே தவிர ஒரு வாக்கியத்தைக் குறிப்பதில்லை. 200009 என்ற எண், சேர்க்க வேண்டிய இலக்குகளில் சில இல்லை என்ற செய்தியோடும் வருகிறது, விவரம் காட்ட வேண்டிய இலக்குகளில் சில இல்லை என்ற செய்தியோடும் வருகிறது. எண்ணை மட்டும் பார்க்கும் சோதனையால் வாக்கியம் பிழையாகிப் போனதைக் காண முடியாது. பல்லாண்டுகளாக ஸ்கிரிப்டுகளுக்குப் பழகிப்போன ஒரு மென்பொருளில் புதிதாக எண்களைப் புகுத்துவதும் பெரும் வேலை; தொடக்கத்திலேயே எண் இருந்த திட்டத்துக்கு மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

மொழிபெயர்ப்பாளரை இங்கே மறந்துவிடக்கூடாது. கெட்டெக்ஸ்டில் ஆங்கில வாக்கியமே திறவுகோல். அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டு, மறுபடி ஒருவர் சரிபார்க்கும் வரை பயனருக்கு ஆங்கிலமே காட்டப்படும். ஆகவே நடையழகுக்காக மட்டும் செய்தியை மாற்றும் கமிட்டுக்கு, சோதனையில் தெரியாத இந்த விலையும் உண்டு. வாக்கியத்தைத் துண்டு துண்டாக நிரலில் ஒட்டுவதைச் சோதனை எதுவும் கண்டிப்பதில்லை; ஆங்கிலத்தில் சரியாக வந்தால் அது தேறிவிடும். தமிழ் போன்ற மொழியிலோ வினை கடைசியில் வர வேண்டும், வேற்றுமை உருபு கோப்பின் பெயரோடு ஒட்ட வேண்டும். துண்டுகளை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அமைக்கவே இயலாது. செய்தியை முழு வாக்கியமாக ஒரே இடத்தில் எழுதச் சொல்ல வேண்டியவர் மதிப்பாய்வாளர்தான்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் கையாள வேண்டும் என்று நான் கருதவில்லை. கிட் போன்ற ஷெல் சோதனைகள் கொண்ட திட்டத்தில், ஒவ்வொரு பிழைச் செய்திக்கும் அதன் காரணச் சொற்களையும் பெயரையும் தேடும் ஒரு சோதனை வேண்டும். பல வரி அறிவுரைகளுக்கு முழு ஒப்பீடு வேண்டும், ஆனால் அந்த அறிவுரை தோன்றும் எல்லா இடங்களிலும் அன்று, ஓரிடத்தில் மட்டும். அதே செய்தி போகிற போக்கில் வரும் மற்ற சோதனைகளில் வெளியேறு குறியீடு போதும். இப்படிப் பங்கிட்டால், செய்தி மாறும் கமிட்டில் சோதனைக் கோப்பின் ஓரிரு வரிகள் நிச்சயம் மாறும். ஐம்பது வரிகள் மாறா. எதுவுமே மாறவில்லை என்றால் கேள்வி கேட்கவும், மிகையாக மாறியிருந்தால் காரணம் கேட்கவும் மதிப்பாய்வாளருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் கருவி ஒன்றுக்கு நான் மெர்க்கூரியல் வடிவத்தையே தேர்ந்தெடுப்பேன், மதிப்பாய்வில் அதைப் படிக்கும் பொறுமை குழுவிடம் உண்டு என்றால்.

கமிட்டுகளை எப்படிப் பிரிப்பது என்பதும் இதே முடிவின் பகுதி. சோதனையை முதலில் தனிக் கமிட்டாக வைத்து, அறியப்பட்ட குறை என்று 'டெஸ்ட் எக்ஸ்பெக்ட் ஃபெயிலியர்' மூலம் குறித்து, அடுத்த கமிட்டில் நிரலைத் திருத்தி அக்குறியை நீக்குவது ஒரு முறை. நீண்ட காலம் திருத்தப்படாத குறைக்கு அது தகும். சிறு மாற்றத்துக்கு அது தகாது: இரண்டாவது கமிட்டின் டிஃப்பில் குறி மாறிய ஒரே வரி மட்டும் தெரியும், சோதனை எதைச் சரிபார்க்கிறது என்பதை அறிய வாசகர் முந்தைய கமிட்டுக்கு ஓட வேண்டும். சொல் மாற்றத்தையும் அதற்கான சோதனை மாற்றத்தையும் ஒரே கமிட்டில் வைப்பதே நல்லது. ஒவ்வொரு கமிட்டிலும் சோதனைகள் தேறினால்தான், குறை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் 'பைசெக்ட்' பின்னாளில் பயன்படும் என்பதும் இதற்கொரு காரணம். ஆனால் நடத்தை மாற்றத்தையும் சொல் மாற்றத்தையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. பெரிய எழுத்தைச் சிறிதாக்கும் ஐம்பது வரிகளுக்குள் ஒரு நிபந்தனை தலைகீழானதை எந்தக் கண்ணும் தவறவிடும். சொல் அளவில் வேறுபாட்டைக் காட்டும் 'வேர்ட் டிஃப்' அத்தகைய கமிட்டைப் படிக்க உதவும். திருத்தி மறுபடி அனுப்பப்பட்ட தொடருக்கு, 2018இல் கிட்டில் சேர்ந்த 'ரேஞ்ச் டிஃப்' முந்தைய வடிவத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும்.

ஒப்புதல் தருவதற்கு முன் நான் கடைசியாகச் செய்வது ஒன்றுண்டு. கமிட்டை என் கணினிக்கு இறக்கி, சோதனைக் கோப்பைப் புதியதாகவே விட்டுவிட்டு, நிரல் கோப்பை மட்டும் முந்தைய கமிட்டின் நிலைக்குத் திருப்பி, மீண்டும் தொகுத்து அந்தச் சோதனையை இயக்குகிறேன். அது தோற்க வேண்டும். தோற்றால் மட்டும் போதாது. விரிவான வெளியீட்டில், பழைய சொற்களைக் கண்டதால்தான் அது தோற்றது என்பது தெரிய வேண்டும். அமைப்பு வரி ஒன்று உடைந்ததாலோ கோப்பு ஒன்று இல்லாததாலோ தோற்றிருந்தால், சோதனையைத் திருத்தித் தருமாறு எழுதுகிறேன். பழைய நிரலோடும் அது தேறிவிட்டால், அந்தச் சோதனை புதிய செய்தியைப் பார்க்கவேயில்லை என்று, இயக்கிய கட்டளையையும் கிடைத்த வெளியீட்டையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறேன்.